தென்காற்று அடித்த நத்தார்

சுவிற்சர்லாந்தைச் சூடான நாடு என்று சொன்னால் அங்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். என் அக்காவும் சிரித்தார். "உனக்கென்ன விசரோ? இஞ்சை இருக்கிற ஆக்கள் வெயில் தேடி ஸ்பெயினுக்கு ஓடுகினம்" என்றார் தொலைபேசியில். ஆனால் நாங்கள் இருப்பது நோர்வேயின் வட முனையில் ஒரு மீன்பிடித் துறையில். கார்த்திகை முடியும்போது மலைக்குப் பின்னால் போகும் சூரியன் தைப் பொங்கல் கழிந்துதான் திரும்ப முகம் காட்டும். நடுமதியத்தில் கொஞ்ச நேரம் ஒரு நீல வெளிச்சம் வரும். பிறகு அதுவும் போய்விடும். அங்கிருந்து பார்த்தால் அக்காவின் ஊரான எம்மன்புரூக்கே தெற்கு நாடுதான்.

நானும் என் கணவரும் அந்த ஊர் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர்கள். கல்யாணம் முடித்த கையோடு போனோம். ஒரே மகள் அங்கேதான் பிறந்தாள். கிறிஸ்து பிறந்த நத்தார் நாளை ஒரு வருடமும் வேறு நாட்டில் கொண்டாடியதில்லை. அக்கா ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார். பள்ளிக்கூடம், வேலை, பனிப்புயல் என்று நான் ஒவ்வொரு வருடமும் ஏதாவது சொல்லுவேன்.

போன வருடம் மகள் தாதியாக வேலை தொடங்கினாள். இரண்டு மணித்தியாலத் தூரத்தில் உள்ள நகரத்து ஆஸ்பத்திரி. புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் நத்தாருக்கு அவளுக்கு வேலை போட்டுவிட்டார்கள். அதைக் கேட்ட அன்றே அக்காவுக்கு அழைத்து, வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். அந்த இருட்டில், மகளும் இல்லாமல், இவரோடு நான் மட்டும் அந்த வீட்டில் இருப்பதை நினைத்துப் பார்க்கவே மனம் வரவில்லை.

இவர் கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்திக் கதைத்தது கூட இல்லை. ஆனால் மார்கழி வந்தால் கதையே இல்லை. வேலையால் வருவார், சப்பாத்தைக் கழற்றுவார், கதிரையில் இருப்பார். கேட்டால் ஓம், இல்லை. சாப்பாட்டுக் கோப்பையில் பாதி அப்படியே கிடக்கும். ஏழு மணிக்கே படுத்துவிடுவார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அப்பாவுக்குக் களைப்பு'. மகள் கதைக்கத் தொடங்கிய வயதிலேயே அந்தச் சொல்லையும் பழகிக்கொண்டாள். விளையாட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு, "அப்பாவுக்குக் களைப்பு" என்று தானே சொல்லி அறைக்குள் போவாள்.

வேலைதான் காரணம் என்று நானும் நம்பினேன். ஆனால் எங்கள் தொழிற்சாலையில் உயிர் போகிற வேலை மாசியிலும் பங்குனியிலும்தான் வரும். கடலில் மீன் பெருகி, படகுகள் வரிசையில் நிற்கும் காலம் அது. அந்த நேரம் இவர் பாட்டுப் பாடிக்கொண்டு வேலைக்குப் போவார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஏனோ தோன்றவில்லை.

அக்கா வீட்டுக்குப் போகிறோம் என்றதும் இவர், "நீர் போட்டு வாரும். நான் நிக்கிறன்" என்றார்.

"தனிய நிண்டு என்ன செய்யப் போறியள்?"

"இருப்பன்."

அவ்வளவுதான். நான் இரண்டு பேருக்கும் சீட்டு எடுத்தேன். இவர் மறுக்கவும் இல்லை, சந்தோசப்படவும் இல்லை. தோளில் பையை மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்தார். மூன்று விமானம் மாறி சூரிச் விமான நிலையத்தில் இறங்கியபோது வெளியே இருட்டிவிட்டிருந்தது. அத்தான், அக்காவின் கணவர், காரோடு காத்துக்கொண்டு நின்றார். எம்மன்புரூக்கே வந்து சேரும்வரை இவர் கண்ணை மூடியபடி இருந்தார்.

மறுநாள் காலையில் கண் விழித்தபோது ஏதோ பிழை நடந்துவிட்டதென்று நினைத்தேன். அறை முழுக்க மஞ்சளாக இருந்தது. விளக்கை அணைக்க மறந்துவிட்டோம் போல என்று எழும்பினேன். விளக்கு இல்லை. சன்னலால் வெயில் விழுந்து கட்டில் கால்வரை வந்திருந்தது. பக்கத்தில் இவர் இல்லை.

பல்கனியில் இருந்தார். சேட்டோடு, வெறுங்காலோடு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு. எதிரே பிலாத்துஸ் மலை கையை நீட்டினால் தொடலாம் போல நின்றது. முதல் நாள் இரவு அத்தான், "மலை நாலு வீட்டுக்கு அங்காலை இருக்கிற மாதிரித் தெரிஞ்சால் காத்து மாறப் போகுதெண்டு அர்த்தம்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. மார்கழி மாதம், நத்தாருக்கு முதல் நாள். காற்று இளஞ்சூடாக இருந்தது. வாசலில் யாரோ உடுப்புக் காயப் போட்டிருந்தார்கள்.

"குளிரேல்லையோ?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே, "இதுக்குள்ளை என்ன குளிர்?" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "இஞ்சை வந்து இரும்" என்றார்.

நான் பக்கத்தில் இருந்தேன். மார்கழியில் இவர் என்னைக் கூப்பிட்டு இருத்தியது எனக்குப் புதுமை.

உள்ளே குசினியில் அத்தான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். அக்காவைக் காணவில்லை. "எழும்பேல்லையோ?" என்றேன்.

"ஃபோன் அடிக்கத் தொடங்கீற்றுது" என்றார் அத்தான்.

பின்னால் வந்த இவர் சட்டைப் பையைத் தடவித் தன் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த என்னுடையதைப் பார்த்தார். அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதில்லைத் தம்பி. உந்தக் காத்து. மலைக்கு அங்காலை இருந்து அடிக்கிற சூட்டுக் காத்துக்கு இவையள் ஃபோன் எண்டுதான் சொல்லுறவை. அது அடிச்சால் உங்கடை அக்கா எழும்ப மாட்டா. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, ஒருத்தரையும் பாக்கப் பிடிக்காது. வெளிச்சம் ஆகாது."

நான் அக்காவின் அறைக்குப் போனேன். ஸ்டோரன் என்று அவர்கள் சொல்லும் சன்னல் மூடியை அடிவரை இறக்கியிருந்தது. வெளியே அவ்வளவு வெயில், உள்ளே எங்கள் ஊர் மத்தியானம் மாதிரி இருட்டு. அக்கா நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தார்.

"நத்தாருக்கு உன்னைக் கூப்பிட்டுப் போட்டு நான் படுத்துக் கிடக்கிறன், பாத்தியோ" என்றார்.

"அதுக்கென்ன அக்கா. எத்தினை நாளைக்கு இருக்கும்?"

"அது போற நேரம் போகும். ஒரு நாளும் இருக்கும், மூண்டு நாளும் இருக்கும்." கையைத் தடவித் தேடி என் கையைப் பிடித்தார். "இந்த வருசம் உங்களுக்குப் பனி காட்டலாம் எண்டு நினைச்சன். ஒரு சொட்டும் இல்லை."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பனியைக் காண எங்களை யாராவது கூப்பிடுவார்களா? அக்காவுக்கும் புரிந்து சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை இடிக்கிறது என்று உடனே நிறுத்தினார்.

மத்தியானம் அத்தான், "ஆத்தங்கரைப் பக்கம் நடந்து போட்டு வாங்கோ. வீட்டுக்குள்ளை சத்தம் இல்லாமல் இருந்தால் அவவுக்கு நல்லது" என்றார். நாங்கள் இருவரும் இறங்கிப் போனோம். தொழிற்சாலைக் கட்டடங்களைத் தாண்டினால் சின்ன எம்மே ஆறு வரும். கரையோரமாக நடைபாதை இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் குளிர்ச் சட்டையைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார்கள். நாங்கள் கொண்டுவந்த சட்டைகளோ பனிக்கரடிக்குத் தைத்தவை. அவற்றைத் தூக்கிக்கொண்டு நடப்பதே ஒரு வேலையாக இருந்தது.

ஒரு வாங்கில் வயதான சுவிஸ் பெண் ஒருவர் இருந்தார். நாங்கள் களைத்துப்போய்ப் பக்கத்தில் இருந்தோம். அவர் எங்களைப் பார்த்து ஆகாயத்தைக் காட்டி, நெற்றியில் விரலை வைத்து, தன் மொழியில் ஏதோ முறையிட்டார். எனக்குப் பிடிபட்டது 'ஃபோன்', 'வார்ம்' என்ற இரண்டு சொல்தான். இவருக்கு அது போதுமாக இருந்தது. நோர்வே மொழியில், "நை, நை, வர்ம்ட் எர் ப்ரா" என்று தொடங்கினார். அந்தப் பெண்ணும் "நை, நை" என்று தலையை ஆட்டினார். அவர்கள் மொழியிலும் 'இல்லை' என்பதற்கு அதே சொல்தான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. ஒருவர் வெயில் நல்லது என்று சொல்ல, மற்றவர் இது கூடாத வெயில் என்று சொல்ல, இருவரும் சளைக்காமல் கதைத்தார்கள். கடைசியில் அந்தப் பெண் தன் பையைத் திறந்து ஆளுக்கொரு மண்டரீன் தோடம்பழம் தந்துவிட்டுப் போனார்.

அதை உரித்தபடி இவர் கதைக்கத் தொடங்கினார். பெரிய கதைகள் இல்லை. தொழிற்சாலைக்கு வந்த புது இயந்திரம் மீனின் தலையைக் கோணலாக வெட்டுகிறது, அதைத் திருத்த வந்த பொறியியலாளர் வழுக்கி விழுந்தார், பக்கத்து வீட்டு மனிதர் படகை விற்றுவிட்டு இப்போது தினமும் துறைமுகத்தில் போய் அதே படகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் தோடம்பழத்தை வாயில் வைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உந்தாள் படகை எப்ப வித்தவர்?"

"ஐப்பசியிலை."

"எனக்கு நீங்கள் சொல்லேல்லை."

இவர் யோசித்தார். "ஓம். சொல்லேல்லை" என்றார். தன்னிடமே ஏதோ கேட்பது போல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலும் கேட்கவில்லை. கேட்டால் இந்தக் கதை நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

நத்தார் அன்று காலையில் காற்று இன்னும் பலமாக அடித்தது. மாடியில் பூச்சாடி ஒன்று உருண்டு போனது. கீழ் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. அவர்கள் இந்துக்கள். தீபாவளிக்கு அக்கா குடும்பம் அங்கே, நத்தாருக்கு அவர்கள் இங்கே என்று வெகு காலமாக நடக்கிற வழக்கம். அக்கா படுக்கையில் இருந்தபடி அத்தானிடம், "அவையளுக்குச் சொல்லி விடுங்கோ, இந்த முறை வேண்டாமெண்டு" என்றார்.

அத்தான் கதவடியில் தயங்கி நின்றார். அவருக்குப் பின்னால் இருந்து இவர் சொன்னார்: "ஏன் அண்ணை நிப்பாட்ட? இறைச்சி கிடக்கு, அரிசி கிடக்கு. நாங்கள் சமைக்கிறம். நீங்கள் பூசைக்குப் போட்டு வாங்கோ."

நான் திரும்பிப் பார்த்தேன். முந்தின வருட நத்தாருக்கு மகள் கையில் தந்த பரிசைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்த மனிதர் இவர்.

அத்தான் தேவாலயத்தில் நடக்கிற தமிழ்ப் பூசைக்குப் போனார். நாங்கள் இருவரும் அக்காவின் குசினிக்குள் நின்றோம். எந்தச் சாமான் எங்கே இருக்கிறதென்று தெரியாது. தூள் போத்தலைத் தேடி எல்லாக் கதவையும் திறந்தோம். சத்தம் வராமல் திறக்க வேண்டும் என்பதால் கள்ளர் மாதிரி நுனிக்காலில் நடந்தோம். இவர் வெங்காயம் வெட்டினார். மீன் வெட்டுகிற கை, வெங்காயம் தாள் மாதிரி விழுந்தது. ஆட்டிறைச்சியைப் பிரட்டி வைத்துவிட்டு, நாங்கள் நோர்வேயில் இருந்து கொண்டுவந்த கருவாட்டில் கொஞ்சம் பொரித்தோம். அந்த மணத்தை அக்கா தாங்கமாட்டார் என்று பல்கனிக் கதவைத் திறந்தால் காற்று மணத்தை முழுக்க உள்ளேதான் தள்ளியது. அறையில் இருந்து அக்காவின் குரல் வந்தது.

"கருவாடோ?"

"மூடிப் போடுறன் அக்கா" என்றேன்.

"இல்லை. எனக்கும் ஒரு துண்டு வையுங்கோ."

விருந்தினர்கள் வந்து, மெதுவான குரலில் கதைத்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு இறங்கிப் போனார்கள். அவர்களுக்கும் இந்தக் காற்று தெரியும். "அக்கா படுக்கட்டும்" என்றார்களே தவிர யாரும் முகம் சுளிக்கவில்லை, என்ன வருத்தம் என்று துருவிக் கேட்கவும் இல்லை. மழை பெய்தால் குடை பிடிப்பது போல, காற்று அடித்தால் அக்கா படுத்திருப்பார். அதை இவர் கவனித்துக்கொண்டே இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பின்னேரம் வெயில் மங்கிய பிறகு அக்கா எழும்பி வந்தார். தலையில் துவாயைக் கட்டியபடி மேசையில் இருந்து, சோறும் கருவாடும் கொஞ்சம் சாப்பிட்டார். நாங்கள் நாலு பேர்தான். இவர் கேட்டார்:

"அக்கா, இது உங்களுக்கு இஞ்சை வந்த நாளிலை இருந்தே இருந்ததோ?"

"ஓம் தம்பி. ஆனால் என்னெண்டு தெரியாது. எனக்கு விசர் பிடிக்குதெண்டுதான் நினைச்சன். வேலை செய்யிற முதியோர் இல்லத்திலை ஒரு நாள் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள்ளை போயிருந்து அழுறன். அங்கை வேலை செய்யிற சுவிஸ் மனிசி ஒருத்தி வந்து பாத்திட்டு, அழாதை, இண்டைக்கு ஃபோன், எனக்கும் இப்பிடித்தான் எண்டா. அவ்வளவுதான். அண்டைக்குத்தான் எனக்கு நிம்மதி வந்தது."

"காத்து நிக்கேல்லையே?"

"காத்து எங்கை நிக்கிறது. ஆனால் என்னிலை பிழை இல்லையெண்டு தெரிஞ்சுதே."

அத்தான், "முதல்லை நானும் கோவிக்கிறவன்தான். ஏன் முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறாய் எண்டு. இப்ப காலமை மலையைப் பாத்திட்டு நானே போய் ஸ்டோரனை இறக்கி விடுவன்" என்றார்.

இவர் கோப்பையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "சாப்பாடு பிடிக்காதோ?" என்று கேட்டார்.

"பிடிக்காது."

"ஆக்கள் கேக்கிறது காதிலை விழும், மறுமொழி சொல்ல வாய் வராதோ?"

அக்கா இவரை நிமிர்ந்து பார்த்தார். "ஓம் தம்பி. அப்பிடித்தான்" என்றார்.

"எனக்கு இருட்டுக்கு அப்பிடி" என்றார் இவர்.

அக்கா கருவாட்டுக் கோப்பையை இவர் பக்கமாகத் தள்ளி வைத்தார். நான் எழும்பிப் போய்க் குசினியில் கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினேன். இத்தனை வருடமும் அந்த மௌனத்துக்குள் என் மேல் ஏதோ கோபம் இருக்கிறதென்று நினைத்திருந்தேன். சில வருடங்களில் என்ன கோபம் என்று நானே கண்டுபிடித்து, அதற்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். அப்போதும் இவர் ஓம் என்றுதான் சொன்னார்.

அடுத்த நாள் இரவு காற்று விழுந்தது. காலையில் பிலாத்துஸைக் காணவில்லை. முகில் கூரைவரை இறங்கி, பனி கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா பாட்டுக் கேட்டபடி சன்னல் மூடிகளை எல்லாம் தூக்கினார். வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றி வேலை செய்தார், ரோல்ஸ் பொரித்தார், எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு லுட்சேர்ன் ஏரிக்கரைக்குப் போனார். முந்தின நாள் படுத்துக் கிடந்தவர் அக்காதான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இவர் அந்தப் பனிக்குள் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். முன்னைப் போல உற்சாகம் இல்லை. ஆனால் படகுத்துறையில் என் பக்கம் குனிந்து, "இண்டைக்குக் கொஞ்சம் பாரமாக் கிடக்கு" என்றார். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சரி என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வருடம் பிறக்க முதல் நாங்கள் வடக்கே திரும்பினோம். இறங்கும்போது மத்தியானம்தான் கழிந்திருந்தது, இருட்டு. இவர் தானாகவே டொக்டரிடம் நேரம் எடுத்தார். டொக்டர் ஒரு இளம் பெண், தெற்கு நோர்வேயில் இருந்து வந்தவர். இவர் சொல்லி முடிக்க முதலே தலையாட்டி, தனக்கும் முதல் வருடம் இப்படி இருந்ததென்றார். காலையில் முகத்துக்கு நேரே வைக்கிற வெளிச்சப் பெட்டி ஒன்றை வாங்கச் சொன்னார். அது எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அதனால் எல்லாம் மாறிவிட்டதென்று சொல்லமாட்டேன். பேச்சில்லாத நாட்கள் இப்போதும் வரும். அப்படியான நாட்களில், "இண்டைக்கு இருட்டு" என்று இவர் சொல்லிவிடுவார். நான் என் பாட்டில் வானொலியைப் போட்டுக்கொண்டு சமைப்பேன்.

மகளுக்கு இவரே தொலைபேசியில் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அவள் தாதி அல்லவா, அந்த வருத்தத்தின் பெயர், மருந்து எல்லாம் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்பா, நான் சின்னனிலை சத்தம் போடுறதாலைதான் உங்களுக்குக் களைப்பு வருகுதெண்டு நினைச்சன்" என்றாள்.

"இல்லைப் பிள்ளை" என்றார் இவர். "நீ சத்தம் போட்டது எனக்குப் பிடிக்கும்."

அந்தச் சனிக்கிழமை பனி விழுந்துகொண்டிருந்தது. பாதை மூடிவிடும் என்று வானொலியில் சொன்னார்கள். இவர் அதைக் கேட்டுவிட்டு, முதலாவது பஸ்ஸில் மகளிடம் போனார். என்னை வர வேண்டாம் என்றார். பின்னேரம் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் இருவரும் இருக்கிறார்கள். இவர் வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு, கையை விரித்து, மகளுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.